சமோவா: தேங்காய் எண்ணெய் கப்பலுக்கா, சட்டிக்கா?

கடலோடி

ஆக்லாந்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். பசிபிக் தீவுகளுக்குப் போகும் சரக்கு என் கண் முன்னால்தான் ஏறுகிறது. சமோவாவுக்கு என்று எழுதிய கன்டெய்னரில் என்ன இருக்கும் என்று திறக்காமலே சொல்வேன்: கோழிக்கால், ஆட்டின் அடிவயிற்றுக் கொழுப்புத் துண்டுகள். டின் மாட்டிறைச்சி, மைதா, சர்க்கரை, சமையல் எண்ணெய் எல்லாம் தனிக் கன்டெய்னர்.

இந்தக் கடைசிச் சரக்குதான் எனக்கு உறுத்துகிறது. சமோவாவில் இருப்பவர்கள் இரண்டு லட்சம் பேர். உபோலு, சவாயி என்று இரண்டு பெரிய தீவுகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்னை. அந்த நாடு சோயா எண்ணெயையும் பாமாயிலையும் வெளியில் இருந்து வாங்கிச் சட்டியில் ஊற்றுகிறது.

இது தானாக வந்த நிலை இல்லை. 1830ல் லண்டன் மிஷனரி சங்கத்தார் வந்து இறங்கினார்கள். கொஞ்ச காலத்தில் சபைக் காணிக்கையையே தேங்காய் எண்ணெயாக வாங்க ஆரம்பித்தார்கள். 1857ல் ஹாம்பர்க்கின் கோடெஃப்ராய் கம்பெனி தலைநகர் ஆப்பியாவில் கடை விரித்தது. அதன் ஏஜென்ட் தியோடோர் வெபர், எண்ணெயாக ஏற்றுவதை விட்டுக் கொப்பரையாகக் காயவைத்து ஏற்றும் வழியைப் பரப்பினார். ஆட்டும் வேலை அதோடு ஐரோப்பாவுக்குப் போனது, புண்ணாக்கும் அங்கேயே தங்கியது. 1900ல் ஜெர்மன் கொடி ஏறியதும் ஆளுநர் சொல்ஃப் போட்ட உத்தரவு: ஒவ்வொரு குடும்பத் தலைவரும் ஆண்டுக்கு 50 தென்னை நட வேண்டும். யாருக்காக என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1914ல் நியூசிலாந்து பிடித்துக்கொண்டது, 1962 ஜனவரி 1ல் விடுதலை. கொப்பரை மட்டும் கப்பல் ஏறுவதை நிறுத்தவில்லை.

இப்போது டாக்டர்கள் அந்த ஊர்க்காரனிடம் "தேங்காய்க் கொழுப்பைக் குறை" என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருகிறது. என் கருத்து இதுதான்: இறக்குமதி எண்ணெய்க்குக் கனமாக வரி போட வேண்டும். கிராமத்துக்கு ஒரு ஆட்டும் கருவி. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஹோட்டல் எல்லாவற்றிலும் உள்ளூர்த் தேங்காய் எண்ணெய். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வாருங்கள்.

மீனலோசனி

கடலோடி, வரலாறு நன்றாக இருக்கிறது. ஆனால் ஹாம்பர்க் கம்பெனி செய்த அநியாயத்துக்கும் இன்று ஒருவரின் இரத்தக் குழாயில் நடப்பதற்கும் சம்பந்தம் இல்லை.

நான் உணவியல் நிபுணர். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது, ஒரு நாளின் மொத்தக் கலோரியில் நிறைவுற்ற கொழுப்பு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று. 2020ல் ‘சர்குலேஷன்’ என்ற இதய மருத்துவ இதழில் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்தது. சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பான எல்டிஎல் டெசிலிட்டருக்கு சுமார் 10 மில்லிகிராம் கூடியிருந்தது. நல்ல கொழுப்பும் 4 கூடியது, அதை மறைக்கவில்லை. நீங்கள் திட்டுகிற பாமாயிலோடு ஒப்பிட்டால் எல்டிஎல் வித்தியாசம் 20. ஆமாம், பாமாயிலை விடத் தேங்காய் எண்ணெய் மோசம்.

எடையும் சர்க்கரை நோயும் ஏற்கெனவே தலைக்கு மேல் போய்விட்ட நாட்டில், சோயா எண்ணெயை எடுத்துவிட்டு இதை ஊற்றச் சொல்கிறீர்கள். அதுவும் பள்ளிக்கூடத்தில்.

சும்மாவந்தவன்

என் பாட்டி நாகர்கோவில். 94 வயது வரை தேங்காய் எண்ணெய் இல்லாமல் ஒரு குழம்பு தாளித்ததில்லை. பல் கூட எல்லாம் இருந்தது.

மீனலோசனி

பாட்டிக்கு என் வணக்கம். அதே தெருவில் 55ல் போன தாத்தாக்களைப் பற்றி யாரும் பதிவு போடுவதில்லை.

கடலோடி

மேடம், 16 ஆய்வு என்கிறீர்கள். அவற்றில் பெரும்பாலானவை சில வாரங்கள் நடந்தவை, இரத்தத்தில் அளந்தவை. அதில் மாரடைப்பை எண்ணிப் பார்த்தது எது? மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்ட இடத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

டோகெலாவ் என்று மூன்று பவளத் தீவுகள். விமான நிலையம் கிடையாது, ஆப்பியாவில் இருந்து கப்பலில்தான் போக வேண்டும். குக் தீவுகளின் வடக்கே புகாபுகா என்று இன்னொன்று. இந்த இரண்டு இடங்களையும் ஒப்பிட்டு நியூசிலாந்து மருத்துவ ஆய்வாளர் இயன் பிரையரும் கூட்டாளிகளும் 1981ல் எழுதினார்கள். டோகெலாவ்காரர்களின் கலோரியில் 63 சதவீதம் தேங்காயில் இருந்து. புகாபுகாவில் 34. இரண்டு இடத்திலும் இரத்தக்குழாய் நோய் அரிதாகவே இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். டோகெலாவில் இருந்து நியூசிலாந்துக்குக் குடியேறியவர்களையும் அதே குழு பின்தொடர்ந்தது. இங்கே வந்ததும் நிறைவுற்ற கொழுப்பு குறைந்தது. ஆனால் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் எல்லாம் கூடின. 

சமோவாவுக்கே வருகிறேன். 1978ல் வயது வந்தவர்களில் சர்க்கரை நோய் ஆண்களுக்கு 1 சதவீதம், பெண்களுக்கு 2 என்ற அளவில் இருந்தது. 2013ல் இரு பாலருக்கும் 20 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. 1978க்கு முன்னால் அவர்கள் தேங்காய் சாப்பிடவில்லையா?

மீனலோசனி

அந்த டோகெலாவ் கட்டுரையைத் தேங்காய் எண்ணெய் விற்பவர்கள் எல்லாரும் காட்டுகிறார்கள். பாதியைத்தான் காட்டுவார்கள். மறு பாதி இது: தேங்காய் அதிகம் சாப்பிட்ட டோகெலாவ்காரர்களுக்குப் புகாபுகாக்காரர்களை விடக் கொலஸ்ட்ரால் 35 முதல் 40 மில்லிகிராம் அதிகம். ஆய்வகத்தில் நடப்பது தீவிலும் அப்படியே நடந்திருக்கிறது.

பிறகு ஏன் நோய் இல்லை? மீன், கிழங்கு, சீமைப்பலா, நாள் முழுக்க உடல் உழைப்பு, சர்க்கரை கிட்டத்தட்ட இல்லை. மக்கள்தொகையும் மிகச் சின்னது. இன்றைய ஆப்பியாவில் டாக்சியில் போய் வேலை பார்த்துவிட்டு, கோழிக்காலும் குளிர்பானமும் வாங்கிக்கொண்டு வருபவருக்கு 1960களின் டோகெலாவ் வாழ்க்கையைத் திருப்பித் தர உங்களிடம் கருவி இருக்கிறதா? எண்ணெய் பாட்டில் மட்டும்தான் இருக்கிறது.

சர்க்கரை நோய்க் கணக்கு சரி. ஆனால் நான் பேசுவது இதய நோய் பற்றி. சர்க்கரை நோயைத் தேங்காய் உண்டாக்கியது என்று நான் எங்கேயும் எழுதவில்லையே.

உப்புக்காற்று

ஆப்பியாவில் சில ஆண்டுகள் கணக்கர் வேலையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நீங்கள் இருவரும் சண்டை போடுவது அந்த ஊர் அடுப்பில் இல்லாத ஒரு பொருளுக்காக.

சமோவாக்காரர்கள் தேங்காய் எண்ணெயில் சமைப்பது பழைய வழக்கமே இல்லை. எண்ணெய் என்றால் அவர்களுக்கு உடம்புக்கும் தலைக்கும். மொசொஒய் பூப் போட்டு மணமேற்றிய எண்ணெயை விருந்து, நடனம் என்றால் பூசிக்கொள்வார்கள். பிடிப்பு, சுளுக்கு என்றால் நீவி விடுவார்கள். சாப்பாட்டுக்குப் போவது முதல் பால். அவர்கள் பாஷையில் பேயேபேயே. முற்றிய காயைத் துருவி, நாரில் போட்டுப் பிழிந்து, தண்ணீர் சேர்க்காமல் எடுக்கும் கெட்டிப் பால். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே வாலிபப் பையன்கள் துருவுமணையில் உட்கார்ந்துவிடுவார்கள். சுட்ட கல்லின் மேல் வைக்கும் உமு அடுப்பில், இளம் சேப்ப இலைக்குள் பாலும் வெங்காயமும் வைத்துக் கட்டி வேகவைத்தால் பலுசாமி. பச்சை மீனை எலுமிச்சையில் ஊறவைத்துப் பாலில் போட்டால் ஓகா. வேகவைத்த கிழங்கின் மேலும் வாழைக்காயின் மேலும் அதே பால்தான். ஞாயிறு சபை முடிந்து வந்து சாப்பிடும் அந்தச் சாப்பாட்டுக்கு ஈடு நான் வேறெங்கும் கண்டதில்லை, எழுதும்போதே பசிக்கிறது.

பொரியல் எல்லாம் பின்னால் வந்தது. மைதா உருண்டை பனிகேகே, பொரித்த கோழி, சீன வணிகர்கள் வழியாக வந்த சேமியா வகை. அதற்குத்தான் இறக்குமதி எண்ணெய். அதாவது எண்ணெய் பாட்டில் உள்ளே வந்ததே மைதாவோடும் கோழிக்காலோடும்தான். அந்த பாட்டிலில் சோயாவுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் நிரப்பினால் பனிகேகே கிழங்காக மாறிவிடாது.

இன்னொன்று. ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பான எஃப்ஏஓ போடும் உணவுச் சமநிலைக் கணக்கில் சமோவாவின் கொழுப்பில் தேங்காய் பெரிய பங்கு என்று போட்டிருப்பதை வைத்துப் பலர் பேசுகிறார்கள். அந்தக் கணக்கில் ‘தேங்காய்’ ஒரு வரி, ‘தேங்காய் எண்ணெய்’ தனி வரி. உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதி, தீவனம், ஆலைக்குப் போனது, வீணானது எல்லாம் கழித்து, மிச்சத்தைத் தலைக்கு வகுப்பார்கள். நாட்டில் கிடைத்தது எவ்வளவு என்றுதான் அது சொல்லும். யார் வாயில் போனது என்று சொல்லாது. சமோவாவில் பன்றிக்கும் கோழிக்கும் உடைத்துப் போடும் தேங்காயை யார் எண்ணுகிறார்கள்? வீட்டுக்குப் பின்னால் விழும் காய்க்கு ரசீது கிடையாது.

கடலோடி

உப்புக்காற்று சொன்னதில் எனக்குச் சாதகமான பாதியை எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கையே எடுங்கள். 1961க்கும் 2007க்கும் இடையே ஓர் ஆளுக்குக் கிடைத்த கலோரி கிட்டத்தட்டப் பாதி அளவு கூடியிருக்கிறது. அத்தனை கூடுதலையும் தென்னை மரமா திடீரென்று தந்தது? இறைச்சி, எண்ணெய், சர்க்கரை, மாவு. எல்லாம் துறைமுகம் வழியாக வந்தவை.

2009ல் வந்த ஓர் ஆய்வில் சமோவாக்காரர்களின் உணவை இரண்டு போக்காகப் பிரித்தார்கள். மீன், நண்டு, கிழங்கு, தேங்காய்ப்பால் என்று சாப்பிடுவது ஒன்று. அரிசி, சிப்ஸ், கேக், குளிர்பானம் என்று போவது இன்னொன்று. இடுப்புச் சுற்றளவு குறைவாக இருந்ததும் நல்ல கொழுப்பு அதிகமாக இருந்ததும் முதல் வகையில். தேங்காய் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, மேடம்.

மீனலோசனி

இருக்கிறது. பாலாக, மீனோடும் கிழங்கோடும். உங்கள் முதல் பதிவில் கேட்டது அதுவா? கிராமத்துக்கு ஒரு ஆட்டும் கருவி, ஹோட்டலுக்குத் தேங்காய் எண்ணெய் என்றீர்கள். அது பொரிக்கும் எண்ணெய். பலுசாமியைக் காட்டிப் பொரித்த கோழிக்கு அனுமதி வாங்குகிறீர்கள்.

பலுசாமி சாப்பிடுகிறவரை நான் தடுக்கப்போவதில்லை. ஒரு வேளைக்கு எவ்வளவு பால் என்று மட்டும் பேசுவேன், ஏனென்றால் முதல் பாலும் கொழுப்புதான்.

மட்டுநகரான்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சமோவாத் தென்னையைப் பற்றிக் கதைக்கிறீர்கள், எங்கள் நாட்டில் இருந்து போன ஒரு விருந்தாளியை யாரும் சொல்லவில்லையே.

1909ல் இலங்கையில் இருந்து ரப்பர் கன்றுகள் சமோவாவுக்குக் கப்பலில் போயின. மண்ணோடு சேர்த்துக் காண்டாமிருக வண்டும் போய்விட்டது. இங்கே அதற்கு இயற்கை எதிரிகள் உண்டு, அங்கே ஒன்றும் இல்லை. குருத்தைத் துளைத்துத் தோட்டம் தோட்டமாக அழித்தது, பிறகு சுற்றுத் தீவுகளுக்கும் பரவியது. ஆட்களை வைத்துப் புழுவைப் பொறுக்க வைத்தார்கள், உக்கிய மரங்களை எரித்தார்கள். ஒன்றும் சரிவரவில்லை. 1963ல் அலோய்ஸ் ஹூகர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி மலேசியாவில் அந்த வண்டைத் தாக்கும் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். 1967ல் அதைச் சமோவாவில் விட்டார்கள். நோய் பிடித்த வண்டு தின்பதைக் குறைக்கும், முட்டை குறையும், உக்கிய கட்டைகளில் கூடும்போது மற்ற வண்டுக்கும் ஒட்டும். மருந்து அடிக்காமல் பூச்சியை அடக்கிய கதைகளில் உலகம் முழுக்கச் சொல்லப்படும் ஒன்று அது.

ஆனால் 2007ல் குவாம் தீவில் வேறு ஒரு வகை வண்டு வந்தது. பழைய வைரஸ் அதற்கு அவ்வளவாகப் பலிப்பதில்லை. 2015ல் சாலமன் தீவுகளின் ஹோனியாராவுக்கு வந்துவிட்டது. நீங்கள் எண்ணெயா பாலா என்று அடிபடுகிறீர்கள், வண்டு இரண்டையும் கேட்காது.

தோப்புக்காரர்

பொள்ளாச்சிப் பக்கம்ங்க. சமோவா எனக்குத் தெரியாது, தென்னை தெரியும். கணக்கு மட்டும் சொல்றேன், நியாயத்தை நீங்களே பேசிக்குங்க.

ஒரு கிலோ கொப்பரைக்கு ஏழெட்டுக் காய் வேணும். நல்ல கொப்பரையை ஆட்டினால் கிலோவுக்கு 600, 650 கிராம் எண்ணெய். ஆக ஒரு கிலோ எண்ணெய்க்குப் பத்துப் பன்னிரண்டு காய். அதை ஏறிப் பறிக்கணும் இல்லை விழுந்ததைப் பொறுக்கணும், உரிக்கணும், உடைக்கணும், காயவைக்கணும். மழை ஊரில் வெயிலை நம்பிக் களத்தில் போட முடியாது, பூஞ்சை பிடிச்சுடும். புகையில காயவெச்சால் எண்ணெயில் வாடை ஏறும். கூலி யார் தர்றது? சோயா எண்ணெய் மலிவா வருதுன்னா, அங்கே அறுவடையில் இருந்து எண்ணெய் எடுப்பது வரை எல்லாம் மிஷின். இங்கே ஒவ்வொரு காய்க்கும் மனுசன் குனியணும்.

அப்புறம் மரத்தோட வயசு. ஜெர்மன்காரன் காலத்துல நட்டது, அதுக்கப்புறம் நட்டதுன்னு வெச்சுக்கிட்டாலும் அறுபது வயசு தாண்டின நெட்டை மரம் காய்ப்பு விழுந்திருக்கும். வெட்டிட்டுப் புதுசு வெச்சால் ஆறேழு வருசம் வருமானம் இல்லை. எங்க ஊரிலேயே யாரும் லேசில் வெட்ட மாட்டோம்.

உப்புக்காற்று

தோப்புக்காரர் சொன்னதோடு புயலையும் சேர்க்க வேண்டும். 1990ல் ஓஃபா, அடுத்த ஆண்டே டிசம்பரில் வால், 2012ல் இவான். ஓஃபாவும் வாலும் அடித்த அடியில் கொப்பரைத் தொழில் பழைய நிலைக்கு வரவே இல்லை. ஆப்பியாவில் 1980களில் எண்ணெய் ஆலை வந்து, கொப்பரையாகப் போனது எண்ணெயாகப் போக ஆரம்பித்த நேரம் அது. 1993ல் சேப்பங்கிழங்கிலும் இலைக் கருகல் நோய் வந்து கிழங்கே இல்லாமல் போனது. அந்த இடைவெளியில் அரிசி உள்ளே வந்தது, வந்தது போகவில்லை.

நிலமும் அப்படி. ஐந்தில் நாலு பங்கு நிலம் குடும்ப வழி நிலம், விற்க முடியாது. பேராசைக்காரன் வந்து தோட்டத்தை வளைக்க முடியாது என்பது நல்லது. பேங்க் கடன் வாங்கி மறுநடவு செய்வது கடினம் என்பது கெட்டது.

கூலி பற்றியும் ஒரு வார்த்தை. கிராமத்து வாலிபனுக்கு நியூசிலாந்தில் பழம் பறிக்கப் போனால் கிடைப்பதில் சின்னப் பங்குகூடக் கொப்பரையில் வராது. நியூசிலாந்தில் இருக்கும் சமோவாக்காரர்களே 2018 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். அங்கிருந்து வரும் பணத்தில் ஆட்டுக் கொழுப்பு வாங்குகிறார்கள். கடலோடியின் கன்டெய்னருக்குக் காசு கொடுப்பதும் ஆக்லாந்தில் உள்ள அண்ணன்தான்.

கடலோடி

எல்லாரும் சேர்ந்து "முடியாது" என்று சொல்ல இத்தனை காரணம். முடிந்த ஒரு விஷயத்தையும் அது என்ன ஆனது என்பதையும் சொல்கிறேன்.

வான்கோழி வால். அமெரிக்காவில் அதிகம் பேர் சாப்பிடாத பகுதி, மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. தீவுகளில் மலிவு விலையில் கொட்டினார்கள். சமோவா 2007ல் தடை போட்டது. ஃபிஜி அதற்கு முன்பே 2000ல் ஆட்டு அடிவயிற்றுத் துண்டு விற்பதைத் தடுத்திருந்தது. பிறகு சமோவா உலக வர்த்தக அமைப்பில் சேர வேண்டி வந்தது. 2012 மே மாதம் சேர்ந்தார்கள். நிபந்தனைகளில் ஒன்று அந்தத் தடையை எடுப்பது. முதலில் 300 சதவீத வரி போட்டுக்கொள்ளலாம், பிறகு 100க்கு இறக்க வேண்டும். தன் மக்கள் எதைத் தின்னக்கூடாது என்று ஒரு நாடு தீர்மானித்தால் ஜெனீவாவில் பதில் சொல்ல வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன். தடையை எதிர்ப்பார்கள், வரியை எதிர்ப்பார்கள். உள்ளூர் எண்ணெயைப் பள்ளிக்கூடத்துக்கு அரசே வாங்கினால் அவ்வளவு சீக்கிரம் யாராலும் எதிர்க்க முடியாது. அது எண்ணெய் பற்றிய விஷயம் மட்டும் இல்லை. தென்னையை வெட்டாமல் வைத்திருக்க ஒருவனுக்குக் காரணம் வேண்டும்.

மீனலோசனி

வான்கோழி வால் தடையில் நான் உங்கள் பக்கம்தான், ஆரம்பத்தில் இருந்தே. அதை அமெரிக்கா கொட்டியது தவறு, சமோவா தடுத்தது சரி.

ஆனால் அதில் இருந்து என்ன பாடம் எடுக்கிறீர்கள்? கொழுப்பு நிறைந்த ஒரு பொருளை வெளியே தள்ள ஒரு நாடு அத்தனை பாடுபட்டது. அதே நாட்டு அரசு, 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு உள்ள இன்னொரு பொருளைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டுமாம், அது உள்ளூரில் விளைந்தது என்பதற்காக. விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்றால் கொப்பரைக்கு ஆதார விலை கொடுங்கள். பசிபிக்கிலேயே இன்னொரு தீவு நாடான கிரிபட்டியின் அரசு அதைத்தான் செய்கிறது, உலகச் சந்தையை விட மேலான விலைக்குக் கொப்பரை வாங்குகிறது. அந்தக் கொப்பரையைப் பிள்ளைகள் வயிற்றில் ஏற்ற வேண்டும் என்று யார் சொன்னது? எண்ணெயை சோப்புக்கு விடுங்கள், டீசலோடு கலக்குங்கள்.

வரி பற்றி ஒரு கேள்வி. சோயா எண்ணெய் விலை ஏறினால் யார் வீட்டில் முதலில் இடிக்கும்? பின்வாசலில் தென்னை உள்ள சவாயிக் கிராமத்துக்காரர் தப்பித்துக்கொள்வார். ஆப்பியாவில் வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்? அவர் எண்ணெயை விடமாட்டார், மீனை விட்டுவிடுவார்.

சும்மாவந்தவன்

தேங்காய் எண்ணெயில் இருப்பது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பாம், நேரே ஈரலுக்குப் போய் எரிந்துவிடுமாம். வாட்ஸ்அப்பில் வந்தது. பதில் உண்டா?

மீனலோசனி

உண்டு. எரிகிறது என்று காட்டிய ஆய்வுகளில் கொடுத்தது 8, 10 கார்பன் உள்ள கொழுப்பை மட்டும் பிரித்தெடுத்த எண்ணெய். தேங்காய் எண்ணெயில் அது ஏழில் ஒரு பங்கு வந்தால் அதிகம். கிட்டத்தட்டப் பாதி இருப்பது 12 கார்பன் லாரிக் அமிலம், அதில் பெரும்பகுதி மற்ற நீளச் சங்கிலிக் கொழுப்பு போகும் வழியில்தான் போகிறது. பெயர் ஒரே குடும்பம், குணம் வேறு.

உப்புக்காற்று

பள்ளிக்கூடத்துக்கு எண்ணெய் வாங்குவது என்று கடலோடி சொன்னதால் கிராமத்து எண்ணெய் இப்போது எங்கே போகிறது என்று பார்ப்போம்.

1991ல் தொடங்கிய ‘விமன் இன் பிசினஸ் டெவலப்மென்ட்’ என்ற பெண்கள் அமைப்பு, குடும்பங்களுக்கு ஆர்கானிக் சான்று வாங்கிக் கொடுத்து, கிராமத்திலேயே கன்னி எண்ணெய் எடுக்க வைத்தது. ஆஸ்திரேலியாவின் டான் எதரிங்டன் உருவாக்கிய கருவி. கொப்பரையே கிடையாது. காயை உடைத்ததும் துருவி, சூடான தட்டில் புரட்டி ஈரத்தை எடுத்து, உருளையில் நிரப்பி, கையால் நெம்பி அமுக்கினால் ஒரு மணி நேரத்துக்குள் எண்ணெய். பூஞ்சைக்கும் புகைக்கும் வேலையில்லை, தோப்புக்காரரின் பயம் அங்கே தீர்ந்தது. 2008ல் இருந்து அழகுசாதனப் பொருள் விற்கும் பாடி ஷாப் கம்பெனி அந்த எண்ணெயை வாங்க ஆரம்பித்தது.

கடலோடிக்குப் பிடித்த கருவி இது. ஆனால் பாருங்கள், இந்த எண்ணெய் போனது லண்டன் பெண்மணியின் தோலுக்கு. ஏன்? அந்த விலையை சமோவாவில் பொரிக்கிறவர் தரமாட்டார். விற்பவரும் முட்டாள் இல்லை. பத்துப் பன்னிரண்டு காயை ஒரு லிட்டராக்கி, அதை விற்ற காசில் பல லிட்டர் சோயா எண்ணெய் வாங்க முடியும் என்றால் எந்தக் குடும்பத் தலைவியும் அதைத்தான் செய்வார். மீதிக் காசில் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம். இதைக் காலனி ஆட்சியின் மிச்சம் என்று திட்டலாம், அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

கடலோடி

சொல்வேன். ஏனென்றால் அந்த விலை ஒரு வாடிக்கையாளரின் தயவில் நிற்கிறது. பாடி ஷாப்பின் பிரிட்டன் நிறுவனம் 2024 பிப்ரவரியில் நொடித்து நிர்வாகிகள் கைக்குப் போனது. இப்படித்தான் கொப்பரையும். ஹாம்பர்க்கில் விலை விழுந்தால் ஆப்பியாவில் அடுப்பு அணையும். உள்ளூரில் விற்க ஒரு வழி இருந்தால் வெளியூர் விலை விழும்போது பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருக்கும்.

மீனலோசனி மேடம் சோப்புக்கும் டீசலுக்கும் விடச் சொல்கிறார். சரி, அதையும் செய்யட்டும். ஆனால் பொரிப்பது நிற்கப்போவதில்லை என்று நமக்குத் தெரியும். ரோட்டோரக் கடையில் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுகிறார்கள். அப்படிக் காயும்போது சோயா எண்ணெய் சீக்கிரம் கெடும், தேங்காய் எண்ணெய் தாங்கும். அதற்காவது ஒத்துக்கொள்வீர்களா?

மீனலோசனி

தாங்கும். பாமாயிலும் தாங்கும். அதற்கு என் பதில், எண்ணெயை மாற்றுங்கள் என்பதை விட எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள் என்பது. அதை விட, வாரத்தில் பொரிக்கும் நாளைக் குறையுங்கள் என்பது.

பள்ளியில் பிள்ளைகளுக்குத் தேங்காய் போக வேண்டும் என்று அவ்வளவு பிடிவாதம் என்றால் கிழங்கும் மீனும் அளவான பாலும் போடுங்கள். தென்னைக்காரனுக்கும் காசு, கிழங்குக்காரனுக்கும் காசு, மீன்காரனுக்கும் காசு. ஆட்டும் கருவியே வேண்டாம். இதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

கடலோடி

பால் ஒரு நாள் தாங்காது, எண்ணெய் மாதக் கணக்கில் தாங்கும். தீவுக்குத் தீவு அனுப்பவும், புயல் அடித்த மாதத்துக்குச் சேர்த்து வைக்கவும் எண்ணெய்தான் உதவும். இதுதான் பதில்.

மட்டுநகரான்

பாலை டின்னில் அடைக்கிறார்கள் அண்ணை. எங்கள் நாட்டில் இருந்தே ஏற்றுமதி ஆகிறது. சமோவாவிலும் தேங்காய்ப்பால் டின் போட்டு நியூசிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள், உங்கள் கிடங்கில் கண்டிருப்பீர்களே?

தோப்புக்காரர்

அந்தக் கையால் நெம்புற கருவி பத்தி யாராவது இன்னும் கொஞ்சம் விவரம் போடுங்க. ஒரு நாளைக்கு எத்தனை காய் ஓடும், அந்தச் சூட்டுத் தட்டுக்கு மட்டையும் சிரட்டையும் எரிச்சால் போதுமா, ரெண்டு ஆள் போதுமா? எங்க ஊரில் கொப்பரைக் களம் வெச்சிருக்கிற ஒருத்தர் மழைக்காலத்துல கையைப் பிசைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார், அவருக்குக் காட்டணும்.